மூன்றாவது ரியூசன் வேண்டாம், தையல் ரேப்பை எடுங்கள்

மானிப்பாயிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"மகள் தரம் 10. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எடுத்து, வீட்டுக்குப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பெரிய பெண்கள் பாடசாலைக்குப் போனவள். தமிழ், வரலாறு எல்லாம் எண்பதுக்கு மேலே. கணக்கு மட்டும் போன தவணை 38. 'எனக்குக் கணக்கு ஓடாதம்மா, உங்களைப் போலத்தான்' என்கிறாள். நானும் ஓ.எல். கணக்கில் முதல் தடவை ஃபெயில், இரண்டாம் தடவைதான் எஸ், வெறும் சாதாரணச் சித்தி. இப்போது வீட்டில் தையல் தைக்கிறேன். மகள் ஏற்கெனவே இரண்டு ரியூசனுக்குப் போகிறாள். என் அண்ணாவின் மகன் மொரட்டுவையில் எஞ்சினியரிங், அவர்கள் வீட்டுக்குப் போனாலே இந்தக் கதைதான். இது மூளையில் இருக்கிற குறையா? என்னிடமிருந்து போனதா? மூன்றாவது ரியூசன் போடவா, அல்லது எஸ் எடுத்தால் போதும் என்று விடவா? தவணைப் பேப்பரின் போட்டோக்கொப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன்."

தங்கச்சி, அந்தப் போட்டோக்கொப்பியை வைத்தீர்களே, அது பெரிய உதவி. பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எழுதுகிற பெற்றோர் நிறையப் பேர், பிள்ளை என்ன பிழை விட்டது என்று காட்டுகிறவர்கள் மிகக் குறைவு. 38 என்ற எண்ணை மட்டும் வைத்து நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. உளவளத்துணைக்கு வருவதற்கு முன் கணக்குப் படிப்பித்த ஆள் என்பதால் பேப்பரைக் கண்டதும் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கேத்திரகணித நிறுவலைப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி, ஒழுங்காக முடிவுக்கு வந்திருக்கிறாள், முழுப்புள்ளி. வகுப்பில் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்த எத்தனையோ பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் அது. தொடைகள் சரி, வென் வரிப்படம் சரி. புள்ளி போனதெல்லாம் வேறு இடத்தில். முதலாவது, பகுதியெண் வேறு வேறாக இருக்கிற பின்னங்களைக் கூட்டும்போது. 1/2 + 1/3 என்பதற்கு மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதியிருக்கிறாள். 2/5 என்பது அரையை விடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையை விடக் குறைந்துவிட்டதே என்று அவள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்திருந்தால் தானே பிடித்திருப்பாள், ஆனால் பயந்த பிள்ளை நிமிர்ந்து பார்க்காது, விட்டால் போதும் என்று அடுத்த கேள்விக்கு ஓடும்.

இரண்டாவது, கழித்தல் குறிக்குப் பின்னால் அடைப்புக்குறி வருகிற இடம். அட்சரகணிதத்தில் இது வருகிற எல்லாக் கேள்வியிலும் ஒரே பிழை. இன்று பின்னேரம் அவளிடம் 20 − (8 − 3) எவ்வளவு என்று சும்மா கேட்டுப் பாருங்கள். அடைப்பைக் கழற்றி 20 − 8 − 3 என்று எழுதி 9 என்பாள். சரியான விடை 15. இருபது ரூபாயிலிருந்து எட்டை எடுத்தேன், பிறகு மூன்றைத் திருப்பித் தந்தேன், அப்படியென்றால் ஐந்துதானே குறைய வேண்டும்? காசாகக் கேட்டால் அவளே சொல்லிவிடுவாள்.

இந்த இரண்டு பிழையால் மட்டும் போன புள்ளிகளைக் கூட்டினேன், 19 வந்தது. 38ஓடு 19, அது 57. ஓ.எல். என்கிற சாதாரண தரத்தில் 50க்கு மேலே என்றால் சி, எஸ்ஸுக்கு ஒரு படி மேலே. நீங்கள் மூளையில் குறை என்று நினைத்தது தரம் 6, 7இல் வடிவாக விளங்காமல் விடுபட்ட இரண்டு விஷயம்.

இன்னொன்றும் கவனித்தேன். 11ஆவது கேள்வியில் பேனையால் ஒரு விடையை வெட்டிவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறாள். வெட்டியது சரி, எழுதியது பிழை. இப்படி மூன்று இடத்தில் இருக்கிறது. கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சரியான விடை முதலில் வராது. தன் தலையிலிருந்து வந்தது சரியாக இருக்காது என்று முடிவெடுத்த பிள்ளைதான் அப்படி வெட்டும்.

சரி, அந்த முடிவுக்கு எப்படி வந்தாள்? சின்னப் பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதலாம் பிள்ளை, புலமைப்பரிசில் எடுத்தவள். தரம் 6இல் ரவுணுக்குப் போகிறாள், அங்கே வகுப்பில் இருக்கிற முக்கால்வாசிப் பேரும் தங்கள் ஊரில் முதலாம் பிள்ளைகள். அவளுடைய கணக்கு ஒரே இரவில் குறையவில்லை, பக்கத்தில் இருக்கிறவர்கள் மாறிவிட்டார்கள். ஹேர்பேர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலேயே இதை ஆராய்ந்து, சின்னக் குளத்துப் பெரிய மீன் என்று பேர் வைத்துச் சொன்னார்: ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர் கூடிய பாடசாலையில் படிக்கிறவர் தன்னைக் குறைவாகத்தான் மதிப்பார். பிறகு பல நாடுகளிலும் இதே முடிவு வந்திருக்கிறது. பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தால் வெடி கொளுத்துகிறோம், பேப்பரில் படம் போடுகிறோம், அடுத்த வருசம் அந்தப் பிள்ளை கடைசி வாங்கில் சத்தமில்லாமல் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஈரானில் மரியம் மிர்சாகானி என்று ஒருவர் இருந்தார், 2014இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண். தெரிவு செய்து எடுக்கிற நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருசம் அவருக்குக் கணக்கு நன்றாக வரவில்லை, ரீச்சரும் இந்தப் பிள்ளைக்குப் பெரிதாகத் திறமை இல்லை என்று நினைத்திருக்கிறார், பிள்ளைக்கு ஆர்வமே போய்விட்டது. அடுத்த வருசம் வேறு ரீச்சர், உற்சாகப்படுத்துகிறவர், நிலைமை மாறியது. இதை மகளிடம் சொல்லி நீயும் அப்படி வருவாய் என்று தொடங்கிவிடாதீர்கள், அது இன்னொரு சுமை. ரீச்சர் ஒரு வருசம் நினைப்பது பிள்ளையின் தலைவிதி ஆகாது என்று உங்களுக்குத் தெரிவதற்காகச் சொன்னேன்.

ஜப்பான், கொரியாப் பிள்ளைகள் சர்வதேசக் கணிதச் சோதனைகளில் எப்போதும் மேலே நிற்பவர்கள். ஆனால் உனக்குக் கணக்கு வருமா என்று அவர்களிடமே கேட்டால், தங்களை விடக் குறைவாக எடுக்கிற நாட்டுப் பிள்ளைகள் சொல்கிற அளவுக்கு நம்பிக்கையாகச் சொல்ல மாட்டார்கள். ஊரின் அளவுகோல் உயர உயர 'எனக்கு வராது' என்கிறவர்களின் தொகையும் கூடுகிறது. யாழ்ப்பாணத்தின் அளவுகோல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணிதப் பிரிவு என்றால் மூளைசாலி, கலைப் பிரிவு என்றால் பாவம், மொக்கு. ஏ.எல். ரிசல்ட் வந்த கிழமை கோயில் வீதியில் நின்று கதைக்கிறவர்களின் பேச்சைக் கேட்டால் போதும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு, எனக்கு இதுதான் மிகவும் சுவாரசியமானது. உங்கள் மகள் தன்னை மற்றப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிடவில்லை, தன் தமிழோடும் ஒப்பிடுகிறாள். இதையும் மார்ஷ்தான் எழுதினார். மொழியில் நன்றாகச் செய்கிற பிள்ளைகள் பொதுவாகக் கணக்கிலும் நன்றாகத்தான் செய்வார்கள், இரண்டும் சேர்ந்தே போகும். ஆனால் பிள்ளைகள் தங்களைப் பற்றி நினைப்பது அப்படிப் போவதில்லை. தமிழ் தண்ணீர்பட்டபாடாக வருகிறவளுக்குக் கணக்கில் கொஞ்சம் மினக்கெட வேண்டியிருந்தால், 'நான் கணக்குப் பிள்ளை இல்லை' என்று தோன்றிவிடும். அவளுடைய தமிழ் சுமாராக இருந்திருந்தால் இதே கணக்கைப் பற்றி இவ்வளவு மோசமாக நினைத்திருக்க மாட்டாள். கொடுமைதான்.

வரலாற்றில் சங்கிலியன் பாடத்தன்று காய்ச்சலில் படுத்திருந்தாலும் ஒல்லாந்தர் காலத்தைப் படிக்கலாம். கணக்கில் அது நடக்காது. பின்னம் விளங்காதவருக்கு விகிதம் விளங்காது, விகிதம் விளங்காதவருக்குச் சதவீதமும் வட்டியும் மந்திரம் மாதிரி இருக்கும், குறி பிழைத்தால் இருபடிச் சமன்பாடு வரை பிழைத்துக்கொண்டே போகும். நாலு வருசத்துக்கு முந்திய ஓட்டை இன்றைக்குத்தான் ஒழுகுகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது. இன்றைய பாடம் விளங்கவில்லை என்பதுதான் தெரியும், நாளையும் விளங்காது, ஒரு மாதம் போனால் 'எனக்கு ஓடாது' என்பதைத் தவிர அவளுக்கு வேறு விளக்கம் கிடைக்காது. கணக்கில் விடை சரி அல்லது பிழை, தமிழ்க் கட்டுரைக்குப் போடுவது மாதிரிப் பரவாயில்லை என்று பத்துக்கு ஆறு கிடைப்பதில்லை. கெதியாகச் சொல்கிறவர்தான் கெட்டிக்காரர் என்ற எண்ணத்தையும் நாங்கள் வாய்ப்பாடு ஒப்புவிக்கும் காலத்திலேயே பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

பயம் வந்தபிறகு அது தனியாக வேலை செய்யத் தொடங்கும். இலக்கம் கொண்டுபோகிற கூட்டல் ஒன்றைச் செய்யும்போது அந்தக் கொண்டுபோன ஒன்றை மனதில் எங்காவது பிடித்து வைத்திருக்க வேண்டுமே, அந்த இடம் எல்லோருக்கும் சின்னது. அமெரிக்காவில் ஆஷ்கிராஃப்ட், கேர்க் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சில எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டே கூட்டச் சொன்னார்கள். கணக்குக்குப் பயந்தவர்கள் கொண்டுபோகிற கூட்டலில்தான் மற்றவர்களை விட அதிகம் தடுக்கினார்கள். பிழைக்குமோ, ரீச்சர் என்ன சொல்லுவா, அம்மா என்ன சொல்லுவா என்ற யோசனையும் அதே சின்ன இடத்தில்தான் வந்து குந்துகிறது. அப்போது பிள்ளைக்கு உண்மையிலேயே கணக்கு வராது, வராதபடியால் பயம் கூடும்.

உங்களிடமிருந்து போனதா என்று கேட்டீர்கள். பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன், இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பங்கு இருக்கிறது என்றுதான் காட்டுகின்றன. ஆனால் யார் மிர்சாகானி ஆவார் என்ற கேள்விக்கு அது பொருந்தலாம், ஓ.எல். கணக்கில் சி எடுப்பதற்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உங்களிடமிருந்து நிச்சயமாகப் போயிருக்கக்கூடியது வேறொன்று. 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். கணக்குக்குப் பயந்த பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவி செய்த இடங்களில்தான் பிள்ளைகள் அந்த வருசம் கணக்குக் குறைவாகப் படித்தார்கள், பயமும் கூடியது. பயந்த பெற்றோர் அப்படி உட்காராத வீடுகளில் இந்தப் பாதிப்புத் தெரியவில்லை. ஆகவே வீட்டுப்பாடக் கொப்பிக்கு முன்னால் நீங்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். 'எனக்கும் ஓடாதுதான் பிள்ளை' என்று ஆறுதல் சொல்வதையும் இன்றோடு விடுங்கள். அதில் அன்பு இருக்கிறது, தெரியும், ஆனால் அவள் அதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறாள்.

ஆனால் நீங்கள் கணக்குத் தெரியாத ஆளா? சட்டை தைக்கிறவர் நீங்கள். மார்பளவு 36 அங்குலம் என்றால் நாலில் ஒன்று 9 என்று எடுத்து, அதற்கு மேலே தளர்வுக்கும் தையலுக்கும் துணி விடுகிறீர்கள். ஓரத்தில் அரை அங்குலம் விட்டுப் பிறகு மூன்று நூல் கூட்ட வேண்டி வந்தால் ரேப்பில் விரலை நகர்த்தி நேரே 7/8க்குப் போய்விடுவீர்கள். எட்டு நூல் ஓர் அங்குலம் என்று எண்ணுகிற உங்களுக்கு அது ஒரு கணக்கே இல்லை. ஆனால் 1/2 + 3/8 = 7/8 என்று எழுதினால் அதுதான் உங்கள் மகள் பேப்பரில் கோட்டை விட்ட கணக்கு. அரையை நாலு நூலாக நினைக்கிறீர்கள் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் அதற்குத்தான் பொதுப் பகுதி எடுத்தல் என்று பேர்.

இது உங்களைச் சந்தோசப்படுத்தச் சொல்வதில்லை. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகப் பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய் விலை கேட்டார்கள். விற்கும்போது 98 வீதம் சரி. அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது 37 வீதம்தான் சரி. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி நிறுத்து, கிலோ விலையை மனதில் பெருக்கி, மிச்சக் காசையும் பிழையில்லாமல் தருகிற ஆச்சிமாரிடம் நீங்கள் கணக்கில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், எனக்கெங்க தம்பி கணக்கு என்பார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். கொப்பியோடு இருக்காதீர்கள், வெட்டுகிற மேசைக்கு அவளைக் கூப்பிடுங்கள். படிப்பிக்கிறேன் என்று சொல்ல வேண்டாம், அவசரமான ஓடர் ஒன்று, அளவெடுத்துத் தா என்று சொன்னால் போதும். அரையும் மூன்று நூலும் எங்கே வரும், ஒன்றேகாலில் ஆறு நூலைக் குறைத்தால் எவ்வளவு என்று ரேப்பில் காட்டச் சொல்லுங்கள், பிறகு அதையே தாளில் பின்னமாக எழுதச் சொல்லுங்கள். அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் ரேப்பில் ஓர் அடியை எடுக்கலாம். 12 அங்குலத்தில் அரை 6, மூன்றில் ஒன்று 4, கூட்டினால் 10, அதாவது 10/12, சுருக்கினால் 5/6. 2/5 ஏன் பிழை என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இந்த மேசையில் உங்களுக்குப் பயமில்லை, அதனால் அவளுக்கும் தொற்றாது.

மூன்றாவது ரியூசன் வேண்டவே வேண்டாம். இரண்டில் ஒன்றையும் நிற்பாட்டலாம் என்பது என் எண்ணம். நூறு பேருக்கு மேல் இருக்கிற மண்டபத்தில் சேர் மைக்கில் தரம் 11 பாடத்தை முற்கூட்டியே முடித்துக்கொண்டு போகும்போது, தரம் 7 பின்னம் விளங்கவில்லை என்று எழும்பிக் கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? மீதமாகிற காசில் பக்கத்து வீதியில் ஏ.எல். முடித்துவிட்டு இருக்கிற ஒரு அக்காவை, கணிதப் பிரிவாகவே இருக்க வேண்டியதில்லை, பொறுமையாக இருந்தால் போதும், கிழமையில் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். அவர் தரம் 6, 7, 8 புத்தகங்களில் பின்னம், திசைகொண்ட எண்கள், அட்சரகணித அடைப்புக்குறி இந்த மூன்றை மட்டும் மகளோடு திரும்பிச் செய்யட்டும். தரம் 10 பிள்ளைக்குச் சின்ன வகுப்புப் புத்தகம் வெட்கமாக இருக்கும், அட்டையைப் பேப்பரால் சுற்றிவிடுங்கள்.

பாஸ்ட் பேப்பர் செய்யும்போது முதல் ஒன்றிரண்டு மாதம் மணிக்கூட்டை எடுத்து வைத்துவிடுங்கள். ஓ.எல். கணிதத்தின் முதலாம் பத்திரத்தில் முதற்பகுதி 25 சின்னக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, பெரும்பாலும் அடிப்படையைத்தான் கேட்பார்கள். அதிலிருந்து தொடங்கட்டும். நேரம் பார்த்துச் செய்வது பிறகு. வெட்டுகிற பழக்கத்துக்கு ஒரு வழி, முதல் விடையை வெட்டுவதற்கு முன் அது ஏன் பிழை என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். காரணம் எழுத முடியாவிட்டால் வெட்டக் கூடாது. நிறுவலுக்குக் காரணம் எழுதிப் பழகிய பிள்ளை, செய்வாள்.

உன்னால் முடியும் என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், பதினைந்து வயதில் அது யாருக்கும் உறைக்காது. பேப்பரை எடுத்து, இந்த இரண்டு பிழைக்கும் 19 புள்ளி என்று காட்டுங்கள். அவள் நம்பாவிட்டால் அவளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணா வீட்டில் மார்க்ஸ் கதை எடுத்தால், 'அவளுக்கு நிறுவல் நன்றாக வருகிறது' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். பொய்யில்லையே.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்கு எண்களைப் பிடிப்பதிலேயே பிறவிச் சிரமம் இருக்கும், நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த வயதிலும் 7ஓடு 5ஐக் கூட்ட விரல் வேண்டும், முள் மணிக்கூடு பார்ப்பது கஷ்டம், இரண்டு விலையில் எது கூட என்பதே சட்டென்று தெரியாது. பேப்பரைப் பார்த்த அளவில் உங்கள் மகளிடம் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அன்றாடம் அப்படி ஏதாவது கவனித்திருந்தால் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள், அது வேறு வழியில் போக வேண்டிய விஷயம்.

எஸ் போதுமா என்ற கேள்விக்கு இப்போதே பதில் சொல்ல அவசரமில்லை. அடுத்த தவணைப் பேப்பர் வந்ததும் அதன் போட்டோக்கொப்பியையும் அனுப்புங்கள். தரம் 6, 7, 8 புத்தகங்களை யாருக்காவது கொடுத்திருந்தால் புதிதாக வாங்க அலைய வேண்டாம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடப்புத்தகங்களை இலவசமாக இறக்கலாம், தேவையான அத்தியாயங்களை மட்டும் போட்டோக்கொப்பிக் கடையில் அச்சடித்தால் போதும்.